இருநூற்றைம்பது சொல்லும் ஒரு அன்னதானமும்

எங்கள் பக்கத்தில் கோயில் நோட்டீஸை யாரும் மேலிருந்து படிப்பதில்லை. கையில் வாங்கியதும் கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். அன்னதானம் உண்டா, எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். நடுவில் இருக்கிற அம்மன் மகிமை, உபயதாரர் பெயர், விழாக்குழுவினர் பெயர் எல்லாம் அச்சாபீஸ்காரரும் நானும் மட்டும் படிக்கிற சமாச்சாரம். (அச்சாபீஸ்காரர் படிக்கிறாரா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு.) எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் நோட்டீஸ் எழுதிக் கொடுக்கிறவன் நான். இது எனக்கு என்றைக்கோ உறைத்திருக்க வேண்டும். உறைத்த அன்றைக்கு, பெற்ற மகளை ஊர்க்காரர்கள் முன்னால் அழ வைத்திருந்தேன்.

நான் பத்தாவது வரை போனவன். அதில் தேறினது தமிழ் மட்டும். திருவையாறு பக்கம் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. காலையில் குளித்து விபூதி பூசி அம்மனைக் கும்பிடாமல் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. இவ்வளவுதான் என் வரலாறு. ஆனால் நோட்டீஸ் எழுதி எழுதி ஊரில் எனக்கு ‘எழுத்துக்காரர்’ என்று ஒரு பேர் வந்துவிட்டது. கெட்டதெல்லாம் அந்தப் பேரால்தான்.

நோட்டீஸ் எழுத்துக்கு ஒரே விதிதான் உண்டு. நீளமாக இருக்க வேண்டும். ஒரு பேர் விட்டுப்போனால் அந்த வீட்டுக்காரர் வடம் பிடிக்க வரமாட்டார். ஒரு சாமி விட்டுப்போனால் பூசாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் எல்லாரையும் போட்டு, எல்லாருக்கும் முன்னால் ‘உயர்திரு’ போட்டு, பின்னால் ‘அவர்கள்’ போட்டு எழுதுவேன். நீளம் என்றால் மரியாதை என்று என் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

என் மகள் யாழினி அப்போது ஒன்பதாவது. பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரி சாந்தியும் போயிருந்தோம். யாழினியின் தமிழ் மிஸ் பேர் பானுமதி. சின்ன வயசு, சன்னக் குரல். அவர் எழுந்து, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு வலைப்பூ ஒன்று தொடங்கப் போவதாகச் சொன்னார். (பிளாக் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பத்திரிகை மாதிரி, ஆனால் போனில் வரும். எனக்கு விளங்கினது அவ்வளவுதான்.) ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். இருநூற்றைம்பது சொல்லுக்குள் முடிக்க வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெச்.எம். சாருக்கு இதில் அவ்வளவாக விருப்பமில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“மிஸ் ஆசைப்படறாங்க, செய்யட்டும். ஆனா இது ஊரே பாக்கற சமாச்சாரம். வெளியிலேருந்து ஒரு புகார் வந்தாலும் அன்னைக்கே மூடிடுவேன். அதை இப்பவே சொல்லிடறேன்” என்றார்.

மிஸ் தலையாட்டினார். பின்னால் பிள்ளைகளோடு நின்ற யாழினியும் சேர்ந்து தலையாட்டினாள். கூட்டத்துக்கு முன்பே அவள் தன் கட்டுரையை எழுதி முடித்துவிட்டாள். “என் பேரு போட்டு வரும்ப்பா, யாரு வேணாலும் படிக்கலாம்ப்பா” என்று வீட்டில் அதே பேச்சு. சாப்பிடும்போது, தலை பின்னிக்கொள்ளும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது. அந்தப் பிள்ளை அதற்கு முன் எதற்கும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான் எழுந்து நின்றேன்.

“மிஸ், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க.”

“இருநூத்தம்பது சொல்லுன்னீங்களே, அது முன்னுரைக்கு மட்டுமா, இல்ல முழுசுக்குமா?”

நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

“முழுசுக்கும்தாங்க” என்றார் மிஸ் பொறுமையாக. “போன்ல படிக்கறவங்க டீ ஆறறதுக்குள்ள படிச்சு முடிக்கணும். நீளமாப் போனா பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்க. பிள்ளைங்களுக்கும் சொல்ல இருக்கறது அதுக்குள்ள அடங்கிடும். மேல கேட்டா ஊதிப் பெருக்கத்தான் செய்வாங்க.”

இப்போது நினைத்தால், அந்தப் பெண் சொன்னதில் ஒவ்வொரு வார்த்தையும் பின்னால் அப்படியே நடந்தது. அன்றைக்கு எனக்கு அது காதில் ஏறவில்லை.

“இருநூத்தம்பது சொல்லுல எங்க ஊர்ல நன்றிகூடச் சொல்லி முடிக்க முடியாதுங்க” என்றேன். “காவேரிக் கரையில பொறந்த பிள்ளைங்க. வீட்டுக்கு வந்தவங்களுக்கு எலையப் போட்டு ஒரே ஒரு கரண்டி சோத்தை வச்சு, போதும் எந்திரிங்கன்னு நாம சொல்லுவோமா? எழுத்துலயும் அப்படித்தானே?”

கை தட்டினார்கள். பக்கத்தில் சாந்தி என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். அவளும் என் பேச்சில் மயங்கித்தான் இழுக்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஹெச்.எம். சார் கடிகாரத்தைப் பார்த்தார். “சரிங்க, எவ்வளவு இருக்கணும்ங்கறீங்க?”

“கொறைஞ்சது ஆயிரம் சார். அம்மனுக்கே ஆயிரம் நாமம்.”

“மிஸ், ஆயிரம்னே வச்சுடுங்க. பெத்தவங்க விருப்பம். அடுத்தது, சீருடை விஷயம்.”

மிஸ் கையிலிருந்த தாளில் இருநூற்றைம்பதை அடித்துவிட்டு ஆயிரம் என்று எழுதிக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். யாழினி தலையைக் குனிந்திருந்தாள். அப்பாவுக்குக் கிடைத்த கைத்தட்டலில் பிள்ளைக்கு வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். (இந்த இடத்தில் இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடலாமா என்று இருக்கிறது. சாந்திதான், தொடங்கினதை முடியுங்க என்கிறாள்.)

அடுத்த நாளே வகுப்பில் அவளுக்கு ‘ஆயிரம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். “ஏய் ஆயிரம், தள்ளி உக்காரு.” “ஆயிரம், உங்கப்பாவையே எனக்கும் எழுதித் தரச் சொல்லு.” அவள் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள். அம்மா எனக்குச் சோறு போடும்போது சொன்னாள்.

“அதுங்க பொறாமையில சொல்லுது” என்றேன்.

“பொறாமையா? வகுப்புல எல்லாப் பிள்ளையும் உக்காந்து அழுவுது. நம்ம பொண்ணுகூட ஒருத்தியும் பேச மாட்டேங்கறா.”

யாழினியின் கட்டுரையை அன்று சாயங்காலம்தான் நான் படித்தேன். எங்கள் வாய்க்கால் பற்றியது. தை மாசத்துக்குப் பிறகு தண்ணீர் நின்று, வாய்க்கால் காய்ந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் கிரிக்கெட் மைதானம். மதகுப்பக்கம் செங்கல் அடுக்கி ஸ்டம்ப் வைப்பார்கள். மேட்டூர் திறந்தாச்சு, கல்லணை திறந்தாச்சு என்று சேதி வந்ததும், தண்ணீர் வந்து சேர்வதற்கு முந்தின சாயங்காலம் கடைசி ஆட்டம் ஆடுவார்கள். இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிற வரைக்கும் ஆடுவார்கள். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: “ஊரே தண்ணீர் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நேரத்தில், இன்னும் ஒரே ஒரு நாள் வராமல் இருக்கட்டும் என்று நாங்கள் மட்டும் வேண்டிக்கொள்வோம். அப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார்.”

“இதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணுமில்லப்பா” என்றாள். “ஆயிரத்துக்கு எங்க போவேன்?”

“கொண்டா இங்க. அப்பா எதுக்கு இருக்கேன்?”

“என்னமோ பண்ணுங்க” என்று தன் போனிலிருந்து என் போனுக்கு அனுப்பிவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் உட்கார்ந்தேன். முதல் காரியமாக, தண்ணீர் வராமல் இருக்கட்டும் என்ற வரியை எடுத்தேன். தண்ணீர் வருகிற வேளையில் அது என்ன பேச்சு, அபசகுனமாக. பிறகு மேலே பிள்ளையார் வணக்கம் போட்டேன். காவேரித்தாயைக் குடகில் பிறக்க வைத்து, வழியில் உள்ள கோயில்களையெல்லாம் சேவிக்க வைத்து, மேட்டூருக்குக் கூட்டி வருவதற்குள் நல்ல நீளம் வந்துவிட்டது. கிரிக்கெட்டைச் சுருக்கினேன். (கட்டுரையே கிரிக்கெட்டைப் பற்றித்தான் என்பது என் கணக்கில் வரவில்லை.) ஊர்ப் பெரியவர்கள் பேரெல்லாம் போட்டேன். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் நம் மதகுக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அதையும் சேர்த்து அவருக்கும் ஒரு உயர்திரு போட்டேன்.

போனில் சொல் எண்ணிக்கை காட்டுகிற இடம் ஒன்று உண்டு. பார்த்தால் ஆயிரத்துக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. என் சரக்கு தீர்ந்துவிட்டது. ஆயிரம் கேட்ட எழுத்துக்காரருக்கே ஆயிரம் வரவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. போன திருவிழா நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் முழுசாக இருந்தது. அதன் பின்பாதியை அப்படியே எடுத்து இங்கே ஒட்டினேன். ‘பால்குடம்’ என்று இருந்த இடங்களில் ‘காவேரி நீர்’ என்று மாற்றினேன். ‘கோயில் வாசல்’ என்பதை ‘மதகடி’ ஆக்கினேன். எண் ஆயிரத்தைத் தாண்டியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைசி வரி வரைக்கும் மாற்றிப் பார்க்கப் பொறுமை இல்லை. கீழே ‘யாழினி, ஒன்பதாம் வகுப்பு’ என்று போட்டு மிஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன்.

மிஸ் பின்னால் என்னிடம் சொன்னார்: “ஒரு வகுப்புப் பிள்ளைங்க மொத்தமும், ஆளுக்கு ஆயிரம் சொல்லு. கண்ணு ரெண்டும் எரிஞ்சுது. எல்லாத்துலயும் முதல் பாதிதான் படிச்சேன். உங்களோடதுல பிள்ளையார், காவேரின்னு வந்துச்சு. நல்லதுதானே இருக்கும்னு போட்டுட்டேன்.” நான் கேட்டு வாங்கின நீளம்தான் அவரைக் கடைசி வரி வரை போகவிடாமல் தடுத்தது.

வலைப்பூ வந்ததும் அந்த லிங்க்கைக் கோயில் குரூப், சொந்தக்கார குரூப், உரக்கடை குரூப் எல்லாவற்றிலும் போட்டேன். போட்ட நிமிஷமே “அருமை”, “அருமை”, கும்பிடுகிற கை. ஆயிரம் சொல்லை அதற்குள் எப்படிப் படித்தார்கள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. நம் ஜனங்கள் படிப்பில் எவ்வளவு கெட்டி என்று பெருமைப்பட்டேன். அவர்கள் விரலால் ஒரு தள்ளு தள்ளிக் கடைசிக்குப் போயிருக்கிறார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் படம் பிடித்து, ‘வெள்ளிக்கிழமை’ என்று மேலே போட்டு, அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேரும் மதகுக்குப் போனோம். வருஷா வருஷம் போவதுதான், யாழினிக்கும் அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு போட்டுவிடுவோம். பூ, மஞ்சள், கற்பூரம், ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல். பத்து வீட்டு ஜனம் வரும், கும்பிடும், பொங்கலை ஆளுக்கு ஒரு கை வாங்கிக்கொண்டு போகும்.

அன்றைக்குக் கரையெல்லாம் ஆள். காவேரித்தாய்க்கு இவ்வளவு பக்தர்களா என்று எனக்குக் கண் கலங்கியது. அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சிலர் கையில் தூக்குச்சட்டி. கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பக்கத்து ஊர் கோவிந்தராஜ் அண்ணன், குடும்பத்தோடு இறங்கினார். நாலு ஊருக்குப் பஞ்சாயத்து பேசுகிற மனுஷர்.

“என்ன தம்பி, பந்தல் ஒண்ணும் காணும்? பந்தி கோயில்லயா?”

“என்ன பந்திண்ணே?”

“பதினோரு மணின்னு போட்டுருக்கே.”

போனை எடுத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, சத்தமாகப் படித்தார். “அவ்வமயம் மெய்யன்பர்கள் அனைவரும் குடும்ப சகிதமாகத் திரளாக மதகடிக்கு வருகை தந்து அருள் பெற வேண்டுகிறோம். காலை பதினோரு மணி முதல் மாபெரும் அன்னதானம் நடைபெறும்.”

என் எழுத்து. எனக்கு மனப்பாடமான வரிகள்.

“வீட்டுல ஒல வைக்கலீங்க, இங்கதானேன்னு வந்துட்டோம்” என்றாள் தூக்குச்சட்டி வைத்திருந்த ஒரு அம்மா. அவள் இடுப்பில் இருந்த குழந்தை என் கையிலிருந்த பொங்கல் தூக்கையே பார்த்தது.

“கீழ யாழினின்னு போட்டுருக்கு. இது உங்க பொண்ணுல்ல?” என்றார் கோவிந்தராஜ் அண்ணன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ‘நான்தாண்ணே எழுதினேன், கை தவறிடுச்சு’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். எழுத்துக்காரர் என்ற பேர் தொண்டையில் வந்து நின்றுகொண்டது. நான் சொன்னேன்:

“சின்னப் பிள்ளைண்ணே. தெரியாம என்னத்தையோ எழுதிருக்கு.”

யாழினி எனக்கு ஒரு அடி பின்னால் பூத்தட்டோடு நின்றிருந்தாள்.

அவள் ‘இல்லை, எங்கப்பாதான்’ என்று கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை. கத்தவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள்.

“ஏம்மா, படிக்கற பிள்ளை இப்படிப் பொய் எழுதி ஊரைக் கூட்டலாமா?” என்றார் கோவிந்தராஜ் அண்ணன். “பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் கொடுக்கறாங்களா? இரு, ஹெச்.எம். நமக்குத் தெரிஞ்சவருதான்.” அங்கேயே போன் போட்டுப் பேசினார். யாழினியின் கண்ணீர் பூத்தட்டில் சொட்டுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கையை நீட்டித் துடைத்துவிடவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, வளைவில் திரும்பி, மதகுக்கு வந்தது. வருஷம் பூரா காத்திருக்கிற தண்ணீர். லஸ்கரைத் தவிர ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினோரு மணி ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாந்தி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். அவள் கோபப்பட்டால் குரல் இறங்கும்.

“அவ எழுதலைன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அம்மனுக்கும் தெரியும். வந்தவங்களுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“சொல்றேன் சாந்தி. கொஞ்சம் இரு.”

“சரி. மொதல்ல சோத்துக்கு வழி பண்ணுவோம். சாப்பாடுன்னு கூப்பிட்டுட்டுப் பசியோட அனுப்பினா அது பாவம்.”

கூட்டத்தைப் பார்த்து, “கொஞ்சம் லேட்டாகும், எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்று அவளே சொன்னாள். கோயில் அண்டாவை எடுத்து வந்தோம். எங்கள் வீட்டுக் குதிரிலிருந்த அரிசி வந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று வந்தது. சாம்பார் சாதமும் அப்பளமும்தான். கிண்டினது நான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. புகை என்று சொல்லிக்கொண்டேன். ஒருத்தரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டேன்.

பதினோரு மணி அன்னதானம் இரண்டு மணிக்கு மேல் தயாரானது. பந்தி உட்கார்ந்ததும் நான் மதகு மேடையில் ஏறி நின்றேன். “அதை எழுதினது என் பொண்ணு இல்ல. நான்தான். காலைல அவ மேல பழியைப் போட்டேன். மன்னிச்சுக்குங்க” என்றேன். வாழ்க்கையில் நான் பொதுவில் பேசினதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

யாரும் கை தட்டவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தர், “அது கெடக்கட்டுங்க, இந்தப் பக்கம் இன்னும் அப்பளம் வரல” என்றார்.

யாழினி சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாயங்காலம் மிஸ் சாந்திக்குச் செய்தி அனுப்பினார்: புகார் வந்துவிட்டது, ஹெச்.எம். வலைப்பூவை மூடச் சொல்லிவிட்டார். அவள் ஒருத்தி எழுத்து மட்டும் இல்லை, அத்தனை பிள்ளைகளின் எழுத்தும் போய்விட்டது. அதற்கும் பழி அவள் தலையில்தான் விழும். திங்கட்கிழமை அவள் எப்படி வகுப்புக்குள் நுழைவாள் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மன் முன்னால் போய் உட்கார்ந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மணியடிப்பதற்கு முன்பே நான் ஹெச்.எம். அறை வாசலில் நின்றேன்.

“உக்காருங்க” என்றார் ஹெச்.எம். “உங்க பொண்ணைத்தான் கூப்பிட்டு விசாரிக்கலாம்னு இருந்தேன்.”

“அவளைக் கேக்காதீங்க சார். அவ எழுதினது ஒரு பக்கம்தான், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆயிரம் ஆக்கறேன்னு அன்னதானம் வரைக்கும் இழுத்துட்டுப் போனது நான். ஊருக்கு முன்னாடி அவதான்னு பொய் சொன்னதும் நான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆயிரம் வேணும்னு கேட்டதும் நீங்கதானே?”

“ஆமாங்க சார்.”

“நான் வேற தலையாட்டித் தொலைச்சேன்” என்றார் பாதித் தனக்குள்.

மிஸ் ஓரமாக நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். “மிஸ், நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான் கேக்கல. பிள்ளைங்க எழுத்தை மட்டும் மூடிடாதீங்க. என்னை என்ன வேணாலும் பண்ணுங்க.”

ஹெச்.எம். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, “சரி. அதே வலைப்பூவுல நீங்க மன்னிப்பு எழுதணும். உங்க பேரைப் போட்டு. அதை நான் படிச்சுட்டுத்தான் திறக்கறதா வேண்டாமான்னு சொல்லுவேன்” என்றார்.

“எழுதிடறேன் சார். இன்னைக்கே விளக்கமா எழுதிடறேன்.”

“அம்பது சொல்லுக்குள்ள” என்றார் மிஸ். சிரிக்காமல்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். “பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, உயர்திரு தலைமையாசிரியர் அவர்களே” என்று தொடங்கினேன். அழைத்து முடிப்பதற்குள் பாதி ஐம்பது தீர்ந்தது. அடித்தேன். நிலைமையை விளக்கினேன். மன்னிப்புக்கே இடம் இல்லாமல் போய்விட்டது. அதையும் அடித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த யாழினி பையை வைத்துவிட்டு, பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

“இது நோட்டீஸ் இல்லப்பா” என்றாள்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை அது. நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

“பின்ன எப்படிம்மா எழுதறது?”

“என்ன பண்ணீங்களோ அதைச் சொல்லுங்க. அவ்ளோதான்.”

கடைசியில் எழுதினது இதுதான்: “என் மகள் யாழினி பெயரில் வந்த கட்டுரையை நீட்டி எழுதியது நான். அன்னதானம் என்ற வரியைச் சேர்த்ததும் நான். அதைக் கேட்டபோது அவள் மேல் பழி போட்டதும் நான். பசியோடு காத்திருந்தவர்களிடமும், மிஸ்ஸிடமும், என் மகளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.”

ஐம்பது கேட்டதற்கு முப்பதுகூட ஆகவில்லை. அதை எழுத இருட்டுகிற வரைக்கும் ஆனது. ஆயிரத்துக்கு நான் பட்ட பாடு இதில் கால்வாசி இல்லை. ‘பழி போட்டதும் நான்’ என்ற வரியை மட்டும் நாலு தடவை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஹெச்.எம். படித்தார், வலைப்பூவைத் திறந்தார். எல்லாப் பிள்ளைகளும் பழையபடி இருநூற்றைம்பது சொல்லில் எழுதிக் கொடுத்தார்கள். ‘ஆயிரம்’ என்ற பேர் யாழினியை விட்டுவிட்டு எனக்கு வந்தது. (இன்றைக்கும் உரக்கடையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.) என் மன்னிப்புக்குக் கீழேயே அவள் கட்டுரை, அவள் எழுதினபடி வந்தது. நான் வெட்டி எறிந்த வரியும் அதில் இருந்தது. அதற்குக் கீழே யார் யாரோ, நாங்களும் அப்படித்தான் வேண்டிக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். துபாயில் இருக்கிற ஒருத்தர், எங்கள் ஊர் வாய்க்காலில் நானும் ஆடியிருக்கிறேன், இன்றைக்கு வேலையே ஓடவில்லை என்று எழுதியிருந்தார். நல்லவேளை, இந்த மனுஷன் கண்ணில் என் ஆயிரம் படவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வலைப்பூவில் இப்போதும் ஒரு விதி போட்டு வைத்திருக்கிறார்கள். கட்டுரை இருநூற்றைம்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும், பெற்றோர் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. அந்த இரண்டாவது பகுதி யாருக்காக என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

மதகடி அன்னதானமும் நிற்கவில்லை. ஒரு தடவை சோறு போட்டுவிட்டால் எங்கள் பக்கத்தில் அது வழக்கமாகிவிடும். மறு வருஷம் தண்ணீர் வந்த அன்று அழைப்பில்லாமலே ஜனம் வந்து உட்கார்ந்திருந்தது. கோவிந்தராஜ் அண்ணன் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். “போன தடவை அந்தப் பிள்ளையை வஞ்சுட்டேன், மனசு கேக்கல” என்றார். அவர் நேராக யாழினியிடம் போய்ப் பேசினார், என் பக்கம் திரும்பவில்லை. அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

வீட்டில்தான் எனக்குத் தப்பிக்க வழியில்லை. நான் எதையாவது சொல்லத் தொடங்கி அது கொஞ்சம் நீண்டால் போதும், சாந்தி அடுப்படியிலிருந்து கேட்பாள்: “கடைசியில சாப்பாடு உண்டா?” யாழினி இப்போது தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்குப் போனில் நாலு புத்தி சொல்லலாம் என்று தொடங்கினால், அந்தப் பக்கத்திலிருந்து அதே கேள்வி. சொந்தக்காரர்கள் வரைக்கும் பரவிவிட்டது. போன மாசம் ஒரு நிச்சயதார்த்தத்தில் நான் வாழ்த்துச் சொல்ல எழுந்தபோது, முன்வரிசையில் ஒருத்தர் அதைக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை, எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மன் முன்னால்கூட இப்போது நீட்டுவதில்லை. முன்னெல்லாம் கற்பூரம் அணைந்த பிறகும் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி வேண்டிக்கொண்டிருப்பேன். இப்போது மன்னிச்சுக்க தாயே, பிள்ளையைப் பார்த்துக்க என்று சொல்லிவிட்டு விபூதி பூசிக்கொண்டு வந்துவிடுகிறேன். போன லீவில் வந்திருந்த யாழினி இதைக் கவனித்தாள்.

“என்னப்பா, அதுக்குள்ள முடிச்சுட்டீங்க?”

“அவ்ளோதாம்மா.”

“அப்ப இனிமேதான் அம்மன் முழுசாக் கேக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.